ஈகையும் தன்னுதவியும்

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22 ஆம் அதிகாரமாகவும் ஈகை 23 ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அறத்துப்பாலில் இவ்வாறு கொடையைச் சிறப்பித்த ஆசிரியர், பொருட்பாலின் இறுதிப் பகுதியில் நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் மூன்று அதிகாரங்களை 105 முதல் 107 வரை தொடர்ந்து வைத்துள்ளார். ஈவோன் எய்தும் சிறப்பைக் கூறிய நூலே ஏற்போன் எய்தும் சிறுமையையும் மறையாது கூறுகின்றது. கொடுத்தல் அறமாகவும் ஏற்றல் இழிவாகவும் இருக்குமாயின், ஏற்போனை இழிவுபடுத்தாது கொடுக்கும் முறை யாது? வறியவனுக்கு இன்று உதவப் புகுந்து, அவனை என்றென்றும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பவனாக ஆக்கிவிடாத வழி யாது? இவ்வினா பழையதேயாயினும், ஒவ்வொரு தலைமுறையும் தனக்கெனத் திரும்பவும் விடை காணவேண்டியதாயுள்ளது.

இதற்கு இருவகையான விடைகள் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. பசித்தவன் முன் நின்று ஆராய்ச்சி செய்தல் தகாது, கொடுப்பதே கடன் என்பது ஒன்று. கொடுக்கக் கொடுக்கக் கேட்போர் தொகை பெருகும், உழைக்கும் ஊக்கம் கெடும். ஆதலின் கையை இறுக்கிக்கொள்வதே உண்மையான உதவி என்பது மற்றொன்று. முன்னையது இரக்கத்தின் பாற்பட்டது; பின்னையது எச்சரிக்கையின் பாற்பட்டது. இவற்றுள் எது சரியென்பதை வெறும் வாதத்தினால் முடிவுசெய்தல் அரிது. ஒரே காலத்திற் பயிரழிவினால் தாக்குண்ட இரு நாடுகளில் இருவேறு வகையாக உதவி வழங்கப்பட்ட வரலாற்றை நோக்கின், உண்மை ஓரளவு புலப்படும். அயர்லாந்தும், யேர்மனியின் வெஸ்டர்வால்ட் என்னும் மலைநாடும் இத்தகைய நோக்குக்கு இடந்தருகின்றன. துன்பத்தின் அளவில் இரண்டும் பெரிதும் வேறுபட்டவையே. ஆயினும், உதவி எவ்வாறு செய்யப்பட்டதென்பதை ஆராய்வதற்கு அவ்வேறுபாடு தடையாகாது.

1845 ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் பல பாகங்களிலும் உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகை அழுகல் நோய் பற்றியது. அயர்லாந்தின் ஏழைக் குடியானவர் அக்கிழங்கையே பேருணவாகக் கொண்டிருந்தமையால் அங்கு விளைந்த கேடு அளவிடற்கரியதாயிற்று. 1841 இல் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த அந்நாட்டில், ஏறக்குறைய 10 இலட்சம் மக்கள் பசியாலும் அதனைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டனர். 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். பிரித்தானிய அரசாங்கம் யாதுஞ் செய்யாதிருந்ததெனக் கூறமுடியாது. தெருவமைத்தல் முதலிய வேலைகளைத் தொடக்கிக் கூலி கொடுத்தது. 1847 மார்ச்சில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வேலைகளில் அமர்ந்திருந்தனர். பின்னர் இலவச உணவுச்சாலைகளை நிறுவி, அவ்வாண்டு யூலையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 இலட்சம் பேருக்கு உணவளித்தது. இத்துணைப் பேரைப் பட்டினியிலிருந்து காத்தல் இயலும் என்பதை அச்சாலைகள் மெய்ப்பித்தன. எனினும் சில மாதங்களுள் அவை மூடப்பட்டன. திறைசேரியில் நிவாரணப் பொறுப்பை வகித்த சார்ள்ஸ் திரெவெலியன் போன்ற அதிகாரிகளின் உள்ளத்தில், பஞ்சம் நீடிக்குமே என்ற அச்சத்தினும், மக்கள் அரசின் கையை எதிர்பார்த்து வாழப் பழகிவிடுவரே என்ற அச்சமே மிக்கிருந்தது.

அவ்வச்சம் 1847 யூனில் வறியோர் சட்டத்திற் சேர்க்கப்பட்ட ஒரு விதியில் உருப்பெற்றது. கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருக்கும் எவரும் பொது உதவி பெறத் தகுதியற்றவர் என்பது அவ்விதியின் சாரம். உண்மையில் இல்லாதவர்க்கே உதவி சேரவேண்டும் என்பது அதன் வெளிப்படையான நோக்கம். ஆயின் நிகழ்ந்தது யாது? பசியால் வாடிய குடியானவன், உணவு பெறும்பொருட்டுத் தன் சிறு நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவனானான். நிலம் போனதும், நோய் நீங்கிய நல்லாண்டிற் பயிர் செய்து பிழைக்கும் வழியும் உடன் போயிற்று. தங்கிவாழ்தலைத் தடுக்கவென இயற்றப்பட்ட விதியே, தன் காலில் நிற்கக்கூடியவனாயிருந்தவனை நிலையான இரவலனாக்கிற்று.

இவ்விதியை முன்மொழிந்தவர் அக்காலத்தில் டப்ளின் நகரின் பாராளுமன்றப் பிரதிநிதியாயிருந்த வில்லியம் கிரகரி ஆவர். இவரே பின்னாளில், 1872 முதல் 1877 வரை, இலங்கையின் தேசாதிபதியாக விளங்கினார். கொழும்பு நூதனசாலை இவர் காலத்தில் நிறுவப்பட்டது. நுவரெலியாவிலுள்ள கிரகரி வாவி இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பழைய குளங்களைத் திருத்துவதிலும் இவர் ஊக்கங்காட்டினார். கல்வியும் பண்பும் நிறைந்த ஒருவர் முன்மொழிந்த விதி இத்துணைக் கேட்டை விளைத்தமை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. தங்கிவாழ்தலின் காரணத்தைப் பிழையாக உணர்ந்தவர், எவ்வளவு நல்லவராயினும், அதற்குச் செய்யும் மருந்தும் பிழையாகவே முடியும். உண்டமையால் அயர்லாந்துக் குடியானவன் இரவலனாகவில்லை. உழைத்துண்பதற்குரிய நிலத்தை உணவுக்கு விலையாகக் கொடுத்தமையாலேயே இரவலனானான்.

அதே 1846 - 1847 ஆம் ஆண்டு மாரிகாலத்தில், றைன் நதிக்குக் கிழக்கேயுள்ள வளங்குறைந்த வெஸ்டர்வால்ட் பகுதியிலும் பயிர்கள் பொய்த்துப் பஞ்சம் தோன்றிற்று. அங்கு வையர்புஷ் என்னும் பகுதியின் ஊராட்சித் தலைவராயிருந்தவர் பிரீட்றிக் வில்கெல்ம் றைபைசன். 1818 மார்ச் 30 இற் பிறந்த இவர், இளமையிற் படையிற் சேர்ந்து, கண்நோய் காரணமாக 1843 இல் அதனை விட்டு நீங்கி, 1845 இல் இப்பதவிக்கு வந்தவர். பஞ்சம் வந்தபோது இவருக்கு வயது 28. அரசாங்கம் மக்களுக்கென மா அனுப்பியது. ஆயின் அதனை ரொக்கப் பணத்துக்கே விற்கவேண்டுமெனக் கட்டளையிட்டது. பணமில்லாதவர்க்கே பசி மிகுதியென்பதை நேரிற் கண்ட றைபைசன், அக்கட்டளையைப் பொருட்படுத்தாது, மாவைக் கடனாகக் கொடுத்தார். அத்துடன் ஊரிலுள்ள வசதி படைத்தோரிடம் பணம் திரட்டி ஒரு பாண் சங்கத்தை அமைத்தார். தானியம் மொத்தமாக வாங்கப்பட்டது. ஊருக்குப் பொதுவாக ஒரு வெதுப்பகம் கட்டப்பட்டது. வெளிவிலையினும் மிகக் குறைந்த விலைக்கு, கையிற் பணமில்லாதவர்க்குக் கடனுக்கு, பாண் வழங்கப்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. றைபைசன் முதலில் பசியை நீக்கினார். தகுதி ஆராய்ச்சி செய்து காலங்கடத்தவில்லை. எனினும் அவர் வழங்கிய மா பிச்சையாகவன்றிக் கடனாகவே வழங்கப்பட்டது. இன்று வாங்கியவன் நாளை திருப்பிக் கொடுப்பான் என்ற நம்பிக்கை அதில் அடங்கியிருந்தது. அந்நம்பிக்கையே பெறுவோனின் மதிப்பைக் காத்தது. அவன் கையிலிருந்த நிலத்தையோ கருவியையோ எவரும் விலையாகக் கேட்கவில்லை.

பஞ்சம் நீங்கிய பின்னரும் வறுமை நீங்கவில்லை. 1848 இற் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் பகுதிக்கு மாற்றம் பெற்றுச் சென்ற றைபைசன், அங்கு சிறு குடியானவரின் வறுமைக்குக் காரணம் சோம்பலன்று, கடனே என்பதைக் கண்டார். பசு இல்லாத குடியானவனுக்கு வணிகன் ஒருவன் பசுவைக் கொடுப்பான். ஆயின் உரிமையைத் தானே வைத்துக்கொள்வான். குடியானவன் தீனி போட்டுப் பேணி வளர்க்க, கன்றின் பயனிலும் வணிகன் பங்கு கொள்வான். தான் விரும்பியபோது பசுவையும் மீட்டுக்கொள்வான். உழைப்பு ஒருவனுடையதாகவும் ஊதியம் மற்றொருவனுடையதாகவும் இருந்த இந்நிலையில் உழைப்பை மிகுவிப்பதனாற் பயனில்லை. ஆகவே 1849 இல், வசதி படைத்தோர் ஏறத்தாழ 60 பேர் கூட்டாகப் பிணைநின்ற ஓர் உதவிச் சங்கம் அவர் முயற்சியால் உருவாயிற்று. சங்கம் பசுக்களை வாங்கி ஏழைக் குடியானவர்க்குக் கொடுத்து, விலையை ஐந்தாண்டுத் தவணைகளிற் பெற்றுக்கொண்டது. தவணைக் காலம் இவ்வாறு நீண்டிருந்தமையால், பாலும் கன்றும் தந்த வருவாயிலிருந்தே கடன் அடைக்கப்படக்கூடியதாயிருந்தது.

1852 இல் நொய்வீட் நகருக்கு அண்மையிலுள்ள ஹெடஸ்டோர்ப்புக்கு மாறிய றைபைசன், 1854 இல் அங்கு ஒரு தரும சங்கத்தை நிறுவினார். கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தல், சிறையிலிருந்து மீண்டோர்க்கு வேலை தேடிக்கொடுத்தல், நூல்நிலையம் அமைத்தல், கடனுதவி செய்தல் எனப் பல நோக்கங்கள் அதற்கிருந்தன. அச்சங்கம் நாளடைவில் தளர்ந்தது. மற்றைய பணிகள் ஒவ்வொன்றாகக் கைநழுவக் கடனுதவி ஒன்றே எஞ்சிற்று. பிணைநின்ற செல்வரின் ஊக்கமும் குறைந்தது.

அதன் காரணத்தை ஆராய்தல் பயனுடையது. அச்சங்கத்திற் பொறுப்பு முழுவதும் செல்வரிடத்தது; பயன் முழுவதும் வறியவரிடத்தது. கடன் வாங்கியவனுக்குச் சங்கத்தின் கூட்டத்தில் இடமில்லை. அதன் கணக்கில் அக்கறையில்லை. அது வீழ்ந்தால் அவனுக்குப் பொறுப்பில்லை. பிணைநின்றவனுக்கோ ஆண்டுதோறும் கவலையேயன்றி வேறொன்றுமில்லை. வறியவர் செல்வரின் நல்லெண்ணத்திலே தங்கியிருந்தனர். அந்நல்லெண்ணம் வற்றியபோது அவர்களுக்குக் கிடைத்த உதவியும் வற்றிற்று. தங்கிவாழ்தல் என்பது பெறுவோனின் குணக்குறைபாடு என்றே பலரும் எண்ணுவர். ஹெடஸ்டோர்ப் அனுபவமோ அது உதவியின் அமைப்பிலுள்ள குறைபாடு என்பதை உணர்த்திற்று.

இவ்வுண்மையை றைபைசன் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. உள்ளோர் இல்லோர்க்கு உதவுதல் சமயக்கடன் என்ற உறுதியான நம்பிக்கையுடையவர் அவர். ஹேர்மன் சூல்ட்சே என்பார் டெலிட்ஸ் நகரில் 1850 இல் நிறுவிய கடன் சங்கம், கொடையை நீக்கித் தன்னுதவி ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு நகரத்துக் கைத்தொழிலாளரிடையே வளர்ந்து வந்தது. அதனையும் தம் அனுபவத்தையும் சீர்தூக்கிப் பார்த்த பின்னரே, தயக்கத்துடன் அவர் தம் கொள்கையை மாற்றினார். 1864 இல் ஹெடஸ்டோர்ப்பின் தரும சங்கம் கடன் சங்கமாக மாற்றியமைக்கப்பட்டது. அன்று முதற் கடன் பெற விரும்புவோன் எவனும் அங்கத்தவனாகச் சேர்ந்து, ஏனையோருடன் ஒப்பப் பொறுப்பை ஏற்றல் வேண்டும் என்பது விதியாயிற்று. பாண் சங்கத்திலிருந்து இவ்விடத்தை அடைய அவருக்கு ஏறத்தாழ 18 ஆண்டுகள் சென்றன. தாம் கற்றவற்றை 1866 இல் ஒரு நூலாக வெளியிட்டார். கண்ணொளி பெரிதும் மங்கிய நிலையில், மகள் அமாலியாவின் துணைகொண்டே இப்பணியைத் தொடர்ந்து, 1888 மார்ச் 11 இல் உயிர் நீத்தார்.

அவர் வகுத்த சங்கம் செயற்பட்ட முறை எளியது. ஒரு சங்கத்தின் எல்லை ஓர் ஊர் அல்லது ஒரு கோயிற்பற்று அளவினது. அங்கத்தவர் எல்லோரும் சங்கத்தின் கடனுக்கு வரையறையின்றிக் கூட்டாகப் பொறுப்பேற்றனர். நிலமோ நகையோ இல்லாத ஒருவனுக்கு ஈடாக வைக்கக்கூடியது அவன் நடத்தை ஒன்றே. அந்நடத்தையை அறிந்தவர் அவன் அயலவரே. பலருடைய பொறுப்பு ஒன்றுசேர்ந்தபோது, தனித்தனியே எவருக்கும் கிட்டாத குறைந்த வட்டிக் கடன் எல்லோருக்கும் கிட்டிற்று. ஒருவன் தவறினால் அனைவரும் இழப்பராதலின், கடன் எதற்கு என்று கேட்கும் உரிமையும், அது அதற்கே செலவாகின்றதா என்று நோக்கும் கடமையும் ஒவ்வொருவருக்கும் உண்டாயின. பணத்தின் அளவும் தவணையின் நீளமும் பயிரின் பருவத்துக்கேற்ப அமைந்தன. நிருவாகிகள் ஊதியமின்றிப் பணியாற்றினர். ஈட்டிய மிச்சம் அங்கத்தவரிடையே பங்கிடப்படாமற் பொது நிதியாகச் சேர்க்கப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல, வெளியார் பணத்தை வேண்டி நிற்கும் தேவை குறைந்து, சங்கம் தன் சொந்த முதலிலேயே நிற்கும் வலிமை பெற்றது.

இம்முறை ஐரோப்பாவின் பல நாடுகளிற் பரவியதுடன் கீழைத்தேசங்களையும் அடைந்தது. சென்னை மாகாணத்தில் உழவர் கடனை ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன், 1895 இலும் 1897 இலும் வெளியிட்ட அறிக்கையில் றைபைசனின் முறையை விரிவாக எடுத்துரைத்தார். சட்டங்களினும், ஊர்தோறும் றைபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடித்தலே இன்றியமையாதது என்ற கருத்துடன் அதனை முடித்தார். இந்தியாவில் 1904 இலும் இலங்கையில் 1911 இலும் கூட்டுறவு நாணய சங்கங்களுக்குரிய சட்டங்கள் இயற்றப்பட்டன. ஐக்கிய நாணய சங்கம் என்ற பெயருடன் நம் ஊர்களில் வேரூன்றியவை இவ்வழிவந்தனவே. பிற்காலத்தில் தளர்ச்சியுற்றிருந்த இவ்வியக்கம் 1978 இலிருந்து சணச என்னும் பெயரில் நாடளாவிய புத்துயிர் பெற்றது.

இனி, இம்முறையின் எல்லைகளையும் கூறாதுவிடின் ஆராய்ச்சி நிறைவுறாது. யாதுமில்லாதவனுக்குப் பிணைநிற்க அயலவரும் தயங்குவர். கடனைத் திருப்பிக் கொடுக்கும் வழியே இல்லாதவனுக்குக் கடன் கொடுத்தல், வீழ்ந்தவன் தலையிற் சுமை ஏற்றுவதை ஒக்கும். பங்களாதேசத்திற் கிராமக் கடனில் நீண்ட அனுபவமுடைய பிறாக் நிறுவனம், மிக வறியோர் கடன் திட்டங்களாற் பயன்பெறாமையைக் கண்டு, 2002 இல் வேறொரு திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்படி வறிய குடும்பத்துக்குப் பசு, ஆடு போன்ற பிழைப்பு முதல் ஒன்று இலவசமாகவே கொடுக்கப்பட்டது. அதனை விற்றுண்ணாதிருக்கச் சிலகாலம் உணவுச் செலவுக்குப் பணமும், வளர்ப்பதற்குப் பயிற்சியும், தவறாது வந்து பார்க்கும் ஒருவரின் துணையும், சேமிக்கும் வசதியும் உடன் அளிக்கப்பட்டன. ஏறத்தாழ ஈராண்டில் உதவி நிறுத்தப்பட்டது. எதியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் இம்முறையைப் பரிசோதித்த ஆய்வு 2015 இல் வெளியாயிற்று. உதவி நின்று ஓராண்டு கழிந்த பின்னரும், பொதுவாக நோக்குமிடத்து, அக்குடும்பங்களின் உணவும் வருவாயும் உயர்ந்தே இருந்தமை அதிற் கண்டறியப்பட்டது. ஹொண்டுராஸில் மட்டும், கொடுத்த கோழிகளிற் பல நோயால் இறந்தமையால், எதிர்பார்த்த பயன் நிலைக்கவில்லை. கொடுக்கும் பொருள் அந்நிலத்துக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

பணம் கொடுத்தால் உழைப்புக் குன்றும் என்ற அச்சமும் ஆராயப்பட்டுள்ளது. 6 நாடுகளில் அரசுகள் நடத்திய 7 பண உதவித் திட்டங்களை ஒருங்கே நோக்கிய ஆய்வொன்று 2017 இல் வெளிவந்தது. உதவி பெற்றோர் வேலையைக் குறைத்தனர் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் அதிற் கிடைக்கவில்லை. 1847 இல் அதிகாரிகளை ஆட்டிப்படைத்த அச்சத்துக்கு இருந்த ஆதாரம் எவ்வளவு சிறிதென்பது இதனாற் புலனாகும்.

மறுபுறத்தில், கடன் என்ற பெயர் பூண்டதெல்லாம் தன்னுதவியாகிவிடாது. ஆந்திரப் பிரதேசத்தில் நுண்கடன் நிறுவனங்கள் ஒரே குடும்பத்துக்குப் பலவாறு கடன் கொடுத்து, வாரந்தோறும் வற்புறுத்தி அறவிட்டதனால் எழுந்த நெருக்கடியை அடக்க 2010 இல் அரசு தலையிட வேண்டியதாயிற்று. இலங்கையிலும் வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்றிருந்த, 1 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2018 இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய நிறுவனங்களிற் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணைநிற்கும் வழக்கம் உண்டு. புறத்தோற்றத்தில் அது றைபைசனின் முறையை ஒக்கும். ஆயின் கடன் பெறுவோர் அந்நிறுவனத்தின் உடைமையாளரல்லர். வட்டியை நிருணயிப்பவரும் அவர்களல்லர். மிச்சமும் அவர்கள் ஊரிற் தங்குவதில்லை. பொறுப்பை மட்டும் பகிர்ந்து உரிமையைப் பகிராத இம்முறை, பழைய பசு வணிகனின் முறைக்கே அண்மையில் நிற்கின்றது.

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, பசித்த வேளையில் உணவு நிபந்தனையின்றி வழங்கப்படல் வேண்டும். பிழைப்புக்குரிய பொருளை அதற்கு விலையாகக் கேட்டல் தீராத தீங்காகும். இரண்டாவது, முதலே இல்லாதவனுக்கு முதலைக் கொடையாகவே கொடுத்து, அது கைகூடும் வரை உடனிருத்தல் வேண்டும். மூன்றாவது, ஓரளவு நிற்கத் தொடங்கியவனுக்கு உரிமையும் பொறுப்பும் ஒருசேர அமைந்த அங்கத்துவம் வேண்டும். இம்மூன்று நிலைகளையும் வேறுபிரித்தறியாது, முதல் நிலையில் உள்ளவனிடம் தன்னுதவி பேசுவது கொடுமையாகும். மூன்றாம் நிலையில் உள்ளவனுக்குத் தருமம் செய்துகொண்டே இருப்பது அவனை வளரவிடாத செயலாகும்.

கல்லூரிகளிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் வறிய மாணவருக்குப் புத்தகமும் உடையும் கட்டணமும் வழங்கும் பணிகள் நடைபெறுகின்றன. மேடையில் ஏற்றி, பெயர் கூவி அழைத்துப் பலர் முன்னிலையிற் கொடுப்பது கொடுப்போரின் புகழை வளர்க்கலாம். பெற்ற பிள்ளை அன்று வீட்டுக்குக் கொண்டு செல்வது புத்தகத்தை மட்டுமன்று. அதே உதவியை ஒரு நிதியாக அமைத்து, பெற்றவர்கள் தொழில் பெற்றபின் தம்மாலியன்றதை அந்நிதிக்குச் செலுத்தவும், அதன் நிருவாகத்தில் இடம்பெறவும் வழி செய்வராயின், இன்று ஏற்பவன் நாளை ஈவோருள் ஒருவனாவான். ஈகைக்கு முன்னாக ஒப்புரவை வைத்த திருக்குறளின் அதிகார முறைவைப்பும் இதற்கு இயைந்ததே. தன்னை ஊரின் ஓர் உறுப்பாக உணர்ந்து செய்யும் உதவியில், கொடுப்பவன் உயர்ந்தவன், பெறுபவன் தாழ்ந்தவன் என்ற வேற்றுமைக்கு இடம் குறைவு. அத்தகைய நிதியொன்றைத் தொடக்கப் பெருஞ்செல்வர் எவரும் வேண்டுவதில்லை. ஒருவரையொருவர் அறிந்த சிலர் போதும்.